மலைக்குப் போய் மலையைப் பார்த்தது யார்?

ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் நகரி ஊரில் "மலைக்குப் போயிட்டு வந்தோம்" என்று சொன்னால் எந்த மலை என்று யாரும் கேட்பதில்லை. திருமலைதான். அடுத்த கேள்வி, "எத்தனை மணி நேரம் ஆச்சு?" அதற்கடுத்தது, "லட்டு எங்கே?" சின்ன வயசிலிருந்து இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியே வளர்ந்தவன் நான். மலை எப்படி இருந்தது என்று இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை.

போன மாதம் தம்பி மகனோடு போனேன். கல்லூரியில் நிலவியல் படிக்கிறான். மலைப்பாதையில் பஸ் வளைந்தபோது என் தோளைத் தட்டி, "பெரியப்பா, பாறை நடுவுல ஓடுற அந்தக் கோட்டைப் பாருங்க" என்றான். கீழே கரடுமுரடான கருங்கல். அதன்மேல் செங்கல் அடுக்கினாற்போல் வரிவரியாகப் படிவுப் பாறை. இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாது. ஆனால் கீழ்ப்பாறை உருவானதற்கும் அதன்மேல் முதல் மணல் படிந்ததற்கும் இடையில் 50 கோடி ஆண்டுக்கு மேல் ஓடிப்போயிருக்கிறதாம்.

"மேல இருக்கிற கல்லுக்குப் பேரு நகரி குவார்ட்சைட்."

"எந்த நகரி?"

"நம்ம நகரிதான்."

தறிக்குப் போகும்போதெல்லாம் எங்கள் ஊரின் மூக்கு வடிவக் குன்றைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லுக்கு உலகத்துப் புத்தகத்தில் எங்கள் ஊர்ப்பேர் இருப்பது இத்தனை வயசில்தான் தெரிகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட்டது.

மேலே சிலாதோரணத்தில் இன்னும் மோசம். பாறை தானாகத் தேய்ந்து 8 மீட்டர் அகலத்துக்குத் தோரணமாக வளைந்து நிற்கிறது. வருகிறவர்கள் இரண்டு செல்பி எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடுகிறார்கள்.

இந்த மலையைத்தான் தமிழகத்தின் வட எல்லையாக வைத்து, வடவேங்கடம் தென்குமரி என்று நாம் மேடையில் மார்தட்டுவோம். 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது ம.பொ.சி. வேங்கடத்தைக் கேட்டுப் போராடினார். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. வேங்கடமும் எங்கள் நகரியும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, வண்டி ஓடுகிறது. மார்தட்டுகிறவரிடம் வேங்கடத்தில் நிற்கும் ஒரு மரத்தின் பேரைக் கேட்டுப் பாருங்கள், அதுதான் என் வருத்தம். செம்மரம் என்பார்கள். அதுவும் 2015 ஏப்ரல் 7 அன்று இந்தக் காட்டில் போலீஸ் சுட்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்த 20 பேர் செத்ததால் தெரிந்த பேர். இந்தக் கிழக்கு மலைத்தொடரின் தென்பகுதியை விட்டால் வேறெங்கும் தானாக வளராத மரம். நமக்கு அது செய்தியில் வரும் கட்டை, அவ்வளவுதான்.

குலசேகர ஆழ்வார் சேர நாட்டுக்காரர். ராஜ்யம் வேண்டாம், இந்த மலைச் சுனையில் மீனாகப் பிறந்தால் போதும் என்றார். குருகாக, செண்பக மரமாக, காட்டாறாக, ஒற்றையடிப் பாதையாக இருந்தாலும் சரி என்றார். படியாகக் கிடக்கிறேன் என்றும் சொன்னார். கருவறை வாசற்படிக்குக் குலசேகரப் படி என்று பேர் வைத்துவிட்டோம். மீனையும் குருகையும் மரத்தையும் ஆற்றையும் என்ன செய்தோம்?

1989-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த காடு இது, 353 சதுர கிலோமீட்டர். 2023 ஆகஸ்டில் மலைக்கு நடந்து ஏறும் அலிபிரி பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. பெற்றவர்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஆனால் நாம் பேசியதெல்லாம் சிறுத்தை நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரிதான். நடக்கிறவர்கள் கையில் தடி கொடுத்தார்கள். பாதையில் தின்பண்ட எச்சிலை வீசாதே என்று சொன்னால் காதில் வாங்குகிறவர் எத்தனை பேர்?

மலைக்குப் போன மறுநாள் தலகோனா. அருவி 270 அடி என்பார்கள். தண்ணீர் குறைவாக இருந்தது, அதை விடுங்கள். இருட்டும் நேரத்தில், கூட வந்த உள்ளூர்க்காரர் "பங்காரு பல்லி", அதாவது தங்கப் பல்லி, என்று பாறை இடுக்கைக் காட்டினார். செல்போன் வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கல்லே நகர்ந்த மாதிரி இருந்தது. மஞ்சள் கிழங்கை உரசின நிறம், விரல் நுனியெல்லாம் அகன்று பாறையோடு ஒட்டியிருந்தது. தொண்டை மட்டும் துடித்தது. காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட்டுவர வரிசையில் நிற்கிறோம். உயிரோடு இருப்பது இங்கே, பார்க்க ஆளில்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்றார். இந்தத் தடவை வரிசையிலேயே நிற்கவில்லை என்றேன்.

"தரிசனம் பண்ணாம வந்தியா? அப்புறம் மலைக்கு எதுக்குடா போன?"

பேசாமல் செல்போனில் பல்லிப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"லட்டாவது வாங்கியிருக்கலாம்" என்றார்.