கேட் 5இ நெட்வொர்க் கேபிளில் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் ஓடாதா?

"கேட் 5இ-யில் 100 எம்பிபிஎஸ்தான் வரும். கிகாபிட் வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு கேட் 7 இழுக்க வேண்டும்." ஓசூர் சிப்காட் பக்கம் சிறு தொழிற்சாலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. தவறு.

கிகாபிட்டுக்கான 1000பேஸ்-டி தரம் 1999-லேயே வந்துவிட்டது. கேட் 5இ-யில் 100 மீட்டர் வரை ஓடும். 2016-ல் வந்த 802.3பிஇசட் தரப்படி அதே கேபிளில் 2.5 கிகாபிட்டும் போகும். 10 கிகாபிட் என்றால்தான் கதை வேறு: கேட் 6 அதிகபட்சம் 55 மீட்டர் வரை தாங்கும், கேபிள்களை நெருக்கிக் கட்டியிருந்தால் அதுவும் குறையும், முழு 100 மீட்டருக்கு கேட் 6ஏ. ஷெட்டுக்கு ஷெட் 100 மீட்டரைத் தாண்டினால் ஃபைபர்தான். கேட் 7-ஐ அமெரிக்காவின் தொலைத்தொடர்புத் தொழில் சங்கமான டிஐஏ தன் தரப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

சரி, சில இடங்களில் வேகம் 100-லேயே நிற்கிறதே? கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். கேபிள் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 முனை ஒன்றைச் சரியாக கிரிம்ப் செய்யாவிட்டாலே (அழுத்திப் பொருத்தாவிட்டாலே) வேகம் இறங்கிவிடும். கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பழையதாகவும் இருக்கலாம்.

அப்புறம், மலிவென்று வாங்கிய சிசிஏ கேபிள், அதாவது செம்பு பூசிய அலுமினியம். உறையில் 'கேட் 6' என்று அச்சிட்டிருந்தாலும் அது அந்தத் தரத்தில் சேராது. கேமராவுக்கு பிஓஇ முறையில், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே, மின்சாரம் அனுப்பினால் சூடாகும். மாற்றுவதென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.