தண்ணீர் இருக்கும்போதும் பண்ணவாடிக்குப் போய் வாருங்கள்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் சரிகிறது என்று நாளிதழில் செய்தி வந்த அடுத்த வாரமே, நீரில் மூழ்கிய பழைய கோயிலிலிருந்து வெளியே தலைகாட்டிய நந்தி சிலையின் படங்கள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கார்களும் பைக்குகளும் அணை நீரின் கரையில் இருக்கும் பண்ணவாடிப் பரிசல் துறையை நோக்கிப் புறப்படும். மழை பெய்து, நீர் ஏறி, நந்தி மறுபடியும் மூழ்கியதும் அந்த ஊரின் பெயரே நமக்கு மறந்துபோகும். இந்த வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சேலம் அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருக் குழாயில் அன்று வந்ததும் இன்று வருவதும் மேட்டூர்த் தண்ணீர்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவார்கள் என்பதை வைத்தே துணி துவைக்கும் நாளை முடிவு செய்த வீடு எங்களுடையது. அப்படியிருந்தும், அந்தத் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, அதன் கரையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நாற்பத்தாறு வயது வரை நான் போய்ப் பார்த்ததில்லை. விடுமுறை என்றால் ஏற்காட்டுக்குப் போவோம். ஏரியில் ஒரு படகுச் சவாரி, பகோடா பாயிண்டில் ஒரு படம், இருட்டுவதற்குள் மலையிறங்கி வீடு. மேட்டூர் என்றால் ஆடிப் பதினெட்டு; ஆற்றில் முழுக்கு, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல், பூங்காவில் கட்டுச்சோறு. அணைச் சுவருக்குக் கீழேயே எங்கள் மேட்டூர் முடிந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம், கொளத்தூர்ச் சாலையில் போய்த் திரும்பினால், கடல்போல விரிந்த நீரின் ஓரத்தில் ஊர்கள் இருக்கின்றன என்பது எங்கள் பேச்சில் ஒருநாளும் வந்ததில்லை.

அந்த நீர் இயற்கையாக அமைந்த ஏரியன்று. 1925-இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்ட அணை அது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று வழங்குகிறது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நீர் 120 அடிக்கு நிரம்பும்போது ஏறத்தாழ 59 சதுர மைல் நிலம் தண்ணீருக்கடியில் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் இந்த எண்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த 59 சதுர மைலுக்குள் வீடுகள் இருந்தன, களங்கள் இருந்தன, ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்தது, இரட்டைக் கோபுரத்தோடு ஒரு கிறிஸ்தவ ஆலயம் இருந்தது என்று எந்தப் பாடமும் எனக்குச் சொன்னதில்லை. காவிரிக் கரையில் இருந்த குடிகள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏறின. டெல்டாவுக்குப் பாசனமும் எங்களைப் போன்ற நகரங்களுக்குக் குடிநீரும் கிடைத்தன. வழிபடும் மூர்த்திகளை எடுத்துக்கொண்டு, நகர்த்த முடியாத நந்தியை அங்கேயே விட்டுவிட்டுத் தங்கள் முன்னோர் கரையேறியதாக ஊரார் சொல்கிறார்கள்.

2024 மே மாதக் கடைசியில்தான் நான் முதன்முதலாக அங்கே போனேன். அணையில் அப்போது பாதித் தண்ணீர்கூட இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன் பிடிவாதம் பிடித்ததால், மற்ற எல்லாரையும் போல நாங்களும் நந்தியைப் பார்க்கவே போனோம். துறையிலிருந்து தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. காலடியில் நத்தை ஓடுகளும் மட்டிச் சிப்பிகளும் நொறுங்க, பாளம் பாளமாக வெடித்த வண்டலின் மேல் நடந்தோம். வெடித்துக் காய்ந்த அந்த மண் பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும்; தண்ணீர் ஓரம் நெருங்க நெருங்க மேலே ஓர் ஏடுதான் காய்ந்திருக்கும், அடியில் சேறு அப்படியே இருக்கும். இது எங்களுக்குத் தெரியாது. நீரில் கை நனைக்க ஓடிய பையன் முழங்காலுக்கு மேல் சேற்றில் இறங்கிவிட்டான். காலை உருவ முயன்றபோது இன்னும் ஆழமாகப் போனான். நான் போட்ட கூச்சலில், சற்றுத் தள்ளிப் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் ஓடி வந்தார்கள்.

"அசையாத தம்பி, அசைஞ்சா இன்னும் எறங்கும்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே ஒரு சாக்கை விரித்து அதன் மேல் படுத்தபடி துடுப்பை நீட்டினார். மற்றவர் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். பையனின் ஒரு செருப்பு இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கிறது. வெளியே வந்ததும் அவனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. குடத்துத் தண்ணீரால் காலைக் கழுவிவிட்டு, கீற்றுக் கொட்டகையில் இருந்த மீன் வறுவல் கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். பணம் கொடுக்க முயன்றேன். "ஏனுங்க்கா, ஊருக்கு வந்த பையனை இழுத்து விட்டதுக்குக் காசு வாங்குவாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாரைப் பூசப் போய்விட்டார் அந்த அண்ணன். தார் நாற்றமும் எண்ணெயில் பொரியும் ஜிலேபி மீனின் வாசனையும் கலந்த அந்தக் கொட்டகையில், கை நடுக்கம் அடங்கும் வரை நான் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் அந்த ஆயாவைச் சந்தித்தேன். மடியில் வெள்ளரிப் பிஞ்சுகளோடு வந்தவர், பையனைப் பார்த்து நடந்ததைக் கேட்டுக்கொண்டு, இரண்டு பிஞ்சை எடுத்து முந்தானையில் துடைத்து அவன் கையில் கொடுத்தார். எங்கே விளைந்தது என்று கேட்டேன். "நம்ம காட்டுலதான் கண்ணு" என்று அவர் கைகாட்டிய இடம் ஏரியின் நடுப்பகுதி. தண்ணீர் வற்றும்போது, விலகிப்போகும் நீரின் பின்னாலேயே இறங்கி, ஈரம் காயாத வண்டலில் சோளமும் எள்ளும் வெள்ளரியும் விதைக்கிறார்கள். தண்ணீர் திரும்பி வருவதற்குள் அறுத்துக் கரையேற்ற வேண்டும். சில ஆண்டுகளில் அறுப்பார்கள், சில ஆண்டுகளில் கதிரோடு தண்ணீர் கொண்டுபோய்விடும். "எறங்குனா வெள்ளாமை, ஏறுனா மீனு. ரெண்டுல ஒண்ணு சோறு போடும்" என்றார். அந்த ஒரு பேச்சில் நான் அதுவரை ஏரி என்று நினைத்திருந்தது எனக்கு வேறாகிவிட்டது. நாம் நீர்மட்டத்தைச் செய்தியாகப் படிக்கிறோம். அவர்களுக்கு அது வீட்டில் உலை வைப்பது சம்பந்தப்பட்ட கணக்கு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு வேலை உண்டு.

நந்தி தெரிகிறது என்பதற்கு வேறோர் அர்த்தமும் இருக்கிறது. டெல்டாவின் குறுவை நெல் சாகுபடிக்காக அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்த ஆண்டு அப்படித் திறக்க முடியவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் நாற்பது அடியை ஒட்டிக் கிடந்தது. நாங்கள் நந்தியின் முன்னால் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்ட நாட்களில், தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாற்றங்கால் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் உழவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஒகேனக்கல்லைத் தாண்டி வெள்ளம் வந்தது. ஜூலை 28 அன்று அணை திறக்கப்பட்டு, ஜூலை 30 அன்று 120 அடி நிரம்பியது. அணையின் வரலாற்றில் அது 43ஆவது முறை. பதினாறு கண் மதகு வழியாகத் தண்ணீர் சீறிப் பாய்வதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். நான் அந்த ஆயாவின் வெள்ளரிக் காட்டை நினைத்துக்கொண்டேன். நந்தியைப் பார்க்கப் போவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மறைந்துபோன ஊரின் ஓர் அடையாளத்தைக் கண்ணால் காண விரும்புவது நல்ல ஆசைதான். ஆனால் தண்ணீர் இல்லாத காலத்தில் மட்டும் ஓர் ஊருக்குப் போவதும், அதைக் கொண்டாட்டமாக ஆக்குவதும் நியாயமாக எனக்குப் படவில்லை.

அங்கே போய் நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். நந்தியின் முதுகில் செருப்புக் காலோடு ஏறி நின்றவர்களை நான் பார்த்தேன். தொண்ணூறு ஆண்டுகளாக நனைந்தும் காய்ந்தும் நிற்கும் ஆலயக் கோபுரத்தின் செங்கல் விளிம்பைப் பிடித்துத் தொங்கியவர்களையும் பார்த்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் இறங்கச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டார்; அவரையும் சேர்த்துக் காணொளி எடுத்தார்கள். அவர்கள் போன பிறகு, பிளாஸ்டிக் குப்பிகளும் பிரியாணிப் பொட்டலங்களும் அந்த வண்டல் மேல் கிடந்தன. குப்பை வண்டி வந்து எடுத்துப் போகும் இடமன்று அது. மே மாதம் நாம் போட்டுவிட்டு வரும் குப்பி, ஆகஸ்டு மாதம் தண்ணீருக்குள் இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் சேலத்தில் குடத்தில் பிடித்துக் குடிக்கிறோம். அம்மாபேட்டைக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் வார்டு உறுப்பினரைத் தேடிப் போய்ச் சண்டை போடும் நாம், அதன் ஊற்றிடத்தில் போய் இப்படிச் செய்யலாமா?

செப்டம்பரில் நான் மீண்டும் போனேன். இந்த முறை தனியாக, வாரநாளில், மேட்டூர் போய்க் கொளத்தூர் வழியாகப் பேருந்தில். மே மாதத்தில் நாங்கள் நடந்த நிலம் எதுவும் இல்லை. அக்கரை மலைகள் வரை நீர்தான். துறையே இடம் மாறியிருந்தது. பண்ணவாடியில் துறை என்பது படிக்கட்டு கட்டி நிறுத்திய இடமன்று. நீர் ஏற ஏற மேலே வரும், இறங்க இறங்கப் பின்னாலேயே போகும். மீன் வறுவல் கொட்டகையும் அப்படியே. நான்கு கழியையும் கீற்றையும் பிரித்துத் தூக்கிக்கொண்டு கரையோடு கரையாக வந்துவிட்டது. அதே அடுப்புக் கற்கள், அதே வாணலி.

நாகமரைக்குப் போகும் படகில் ஏறினேன். இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை தருமபுரி மாவட்டம். சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் நீரைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டும். எனக்கு அது உலாவாக இருந்தது. கூட வந்தவர்களுக்கு அது அன்றாடப் பயணம். கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போகும் பெண், இரண்டு ஆடுகளோடு ஒருவர், பைக்கைப் படகில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞர். நடு ஏரியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே அந்தப் பெண் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டாள். சேலம் என்றதும், அங்கே அரசு மருத்துவமனையில் தன் மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த கதையைச் சொன்னாள். அக்கரையில் இறங்கும்போது, "எங்க வூட்டுக்கு வந்து ஒருவாய் சாப்புட்டுப் போங்க அக்கா" என்றாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. போகும் வழியை இரண்டு முறை சொல்லி, நான் திரும்பச் சொன்ன பிறகே நகர்ந்தாள். நான் போனேன். களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

படகில் எல்லாருக்கும் உயிர்காப்பு உடை இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுற்றுலா வருவோருக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. தினமும் அந்த நீரைக் கடக்கும் ஊர்க்காரர்களுக்கு அது முதலில் தேவை. கரையில் ஒரு கழிப்பறை, குப்பை போட ஒரு தொட்டி, சேறு எங்கே ஆபத்து என்று எழுதிய ஒரு பலகை ஆகியவையும் வேண்டும். இவற்றைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் நினைக்கிறேன். அணைக்குக் கீழே, கதவணையை ஒட்டிய பூலாம்பட்டிக்குக் "குட்டிக் கேரளா" என்று பெயர் சூட்டி எழுதுகிறோம். எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் அந்த விசைப்படகுத் துறைக்கு அதன் சொந்தப் பெயர் போதாதா? பண்ணவாடிக்கும் நாளை இப்படியொரு பட்டப்பெயரைச் சூட்டி, கரையை வளைத்து விடுதி கட்டி, நீரோடு நகரும் கொட்டகையை அங்கிருந்து அப்புறப்படுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அந்த ஊரில் நாம் செலவழிக்கும் பணம் அந்த வாணலிக்காரருக்கும் பரிசல்காரருக்கும் போய்ச் சேரட்டும். சேலத்திலிருந்தே தண்ணீர்க் குப்பியும் பொட்டலமும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே பிடித்த மீனை அங்கே சாப்பிடுங்கள்; பேரம் பேசாதீர்கள். ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மே மாதம் நான் ஆயாவைக் கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன். அப்போது அவர், "எல்லாரும் புடிக்கறாங்க கண்ணு, ஒருத்தரும் கொண்டாந்து குடுத்ததில்ல" என்று சொன்னார். அதனால் செப்டம்பரில் போகும்போது, சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் பெரிய அளவில் அச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். துறையிலிருந்து மூன்றாவது தெருவில் அவர் வீடு. இறவாணத்தில், விதைக்காகப் பழுக்க விட்ட இரண்டு வெள்ளரிகள் சுருக்குக் கயிற்றில் தொங்கின. படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். காட்டின் ஓரத்தில், அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு நின்றது எனக்கு அதுவரை தெரியவில்லை.

"இந்த ஆட்டை ஆடி மாசம் வித்துட்டோம் கண்ணு" என்று சொல்லிவிட்டு, படத்தைக் காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, காப்பி போட உள்ளே போனார்.