நிறம் போனால் ஈயமும் போய்விடாது

பினாங்குத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. கரி வடிகட்டியில் நீலச் சாயத் தண்ணீரை ஊற்ற, தெளிவாக வருகிறது. “ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் எல்லாம் போச்சு” என்கிறார்கள். தவறு.

சாய மூலக்கூறு பெரியது, கரியின் நுண்துளைகளில் எளிதாக ஒட்டும். கரைந்த ஈயமோ நிறமற்ற, மின்னூட்டமுள்ள அயனி. அதைப் பிடிக்கத் துளைச் சுவரில் கந்தகம் போன்ற பிடிமானம் வேண்டும். உலோக அயனிகளும் கரிம மூலக்கூறுகளும் இணைந்த நுண்துளைப் பொருள்களில் சுவரை அப்படி அமைக்கலாம். 2025 வேதியியல் நோபல் இந்தத் துறைக்குத்தான். சாதாரணக் கரி அது அல்ல.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம். கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால், வடிகட்டி வாங்குமுன் ஈயத்துக்கென்றே சோதித்த சான்றிதழைக் கேளுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.