வயதைப் பார்த்தது போதும், நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள்

"81 வயசாச்சு, இனிமே எதுக்கு அவங்களைப் போட்டுப் படுத்தணும்?" பெரியம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். மீதிப் பேர், எவ்வளவு செலவானாலும் எல்லா வைத்தியமும் பண்ணிவிட வேண்டும் என்கிற கட்சி. பெரியம்மாவை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் ஃபைலில் வயதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான், முடிவு ஆகிவிட்டது. அடுத்துப் போன இடத்தில் முக்கால் மணி நேரம் சோதித்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொல்லி, நடுவில் ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, அப்புறம் அந்த மூன்றையும் கேட்டார்கள். எடை குறைந்ததா, விழுந்தாரா, தானே குளிக்கிறாரா, வீட்டில் துணைக்கு யார். பிறகு மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார்கள். பெயர் வேறு, உள்ளே இருக்கிற மருந்து ஒன்றே என்று இரண்டு அட்டை தூக்க மாத்திரை! இரவில் தள்ளாடுவதை வயது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு முதியோர் மதிப்பீடு என்று பெயர். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். 2021இல் வந்த ஓர் ஆய்வில், முற்றிய புற்றுநோய் உள்ள, 70 வயதைத் தாண்டிய 718 பேரைப் பார்த்தார்கள். மதிப்பீட்டு முடிவு டாக்டர் கைக்குப் போன பக்கம் கடுமையான பக்கவிளைவு 51 சதவீதம் பேருக்கு, போகாத பக்கம் 71. பலருக்கு மருந்தைக் குறைத்துத் தொடங்கியும் ஆயுளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் நார்மல் என்று வருவதையும் அப்படியே நம்ப முடியாது, தசை வற்றிய உடம்பில் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் நல்லபடியாகவே காட்டும்.

குறைப்பது என்றால் கைவிடுவது இல்லை. பெரியம்மாவுக்கு வந்த இதே வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு, 80 தாண்டியவர்களுக்கென்றே அளவைக் குறைத்த 'ஆர்-மினி-சாப்' என்கிற கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. 2011இல் வெளியான ஆய்வில் இரண்டு வருடம் கழித்து 59 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வயசாச்சு என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? மறுபக்கமும் உண்டு. ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் என்றால், 70 தாண்டிய பெண்களுக்கு கட்டியை எடுத்த பிறகு அந்த மாத்திரையோடு கதிர்வீச்சும் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பத்து வருடம் கழித்தும் உயிர் பிழைத்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. அதே மார்பில் திரும்ப வருவது மட்டும் கொடுக்காதவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். அதைச் சொல்லி, வேண்டுமா என்று அவரிடமே கேட்கலாம்.

கடைசியில் பெரியம்மாவைச் சோதித்த இரண்டாவது இடத்து டாக்டர் எங்களை விட்டுவிட்டு பெரியம்மா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்களுக்கு எது முக்கியம்மா?" என்றார். "தனியா பாத்ரூம் போயிட்டு வரணும். அது போகாம பாத்துக்கிட்டா ஊசி போட்டுக்கறேன்." எங்களுக்கு அதுவரை அப்படி ஒரு பதில் இருக்கும் என்றே தோன்றவில்லை. முதல் ஊசிக்குக் கிளம்பிய அன்று மாத்திரைப் பையை எங்களிடம் தரவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.