ஜன்னலைத் திறங்க சாமி!

அந்த வீடியோவை எனக்கு அனுப்பினது போதும், நிறுத்துங்க. ஏசி பெட்ரூமை இறுக்க மூடணுமாம், மூலைக்கொரு ஸ்நேக் பிளாண்ட் வைக்கணுமாம், காத்து சுத்தமாயிடுமாம். "நாசாவே சொல்லியிருக்கு." அதே வீடியோவுல கட்டிலுக்கடியில கொசுவர்த்தி புகையுதே, அதை ஒருத்தரும் பார்க்கலையா?

நாசா அந்த ஆய்வைச் செஞ்சது 1989ல. சீல் வச்ச சின்னப் பெட்டிக்குள்ள செடியை வச்சு, பென்சீன் மாதிரி நச்சு வாயுக்கள் குறையுதான்னு பார்த்தாங்க. நம்ம வீடு பெட்டி இல்லை. இடுக்கு வழியா சும்மா வந்து போற காத்து செய்யுற வேலையைச் செடி செய்யணும்னா, சதுர மீட்டருக்குக் குறைஞ்சது 10 செடி வேணும்னு 2019ல ஒரு ஆய்வுல கணக்குப் போட்டாங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 110 தொட்டி. கட்டிலை மொட்டைமாடியில போட்டுக்கலாம்.

உள்ள உண்டாகுற அழுக்கு வெளிய போகணும். விஷயம் இவ்வளவுதான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை இழுக்காது, அறைக்காத்தையே சுத்திச் சுத்திக் குளிராக்கும். வெளிய 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 420 பங்கு) சொச்சம் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு, ரெண்டு பேர் மூடிப் படுத்த அறையில விடியுறதுக்குள்ள 2000ஐத் தாண்டிடும். காலையில தலை கனத்தா தலையணையைத் திட்டாதீங்க. ஜன்னலை ரெண்டு விரல் அகலம் திறந்து வைங்க. கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

கொசுவர்த்தியில மருந்து ஒரு சதவீதம் கூட இருக்காது. மிச்சமெல்லாம் மரத்தூளும் மாவும். ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள் 75லேர்ந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003லயே அளந்துட்டாங்க. கொசுவலை இருக்கு, ஜன்னலுக்கு நெட் இருக்கு.

"ஜன்னலைத் திறந்தா ரோட்டுத் தூசி வருமே?" நியாயமான கேள்வி. வண்டி நெரிசல் நேரத்துல ரோட்டுப் பக்கம் மூடிட்டுப் பின்பக்கம் திறங்க. ஹெப்பா ஃபில்டர், அதாவது நுண்தூசியைப் பிடிக்கிற வடிகட்டி, வச்ச ப்யூரிஃபையர் வாங்கினா, பத்தடி உயரமுள்ள அதே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு சிஏடிஆர் (அது சுத்தம் பண்ணித் தர்ற காத்தோட அளவு) மணிக்கு 170 கன மீட்டராவது இருக்கணும். அதுவும் தூசியைத்தான் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடை எடுக்காது. இதைச் சொன்னா நான் ப்யூரிஃபையர் கம்பெனி ஏஜெண்ட்டாம். ஜன்னலைத் திறன்னு சொல்ற ஏஜெண்ட்டுக்கு எவன்யா கமிஷன் குடுக்கிறான்?

"பாட்டி விறகடுப்புல சமைச்சு தொண்ணூறு வயசு இருந்தாங்க." இருந்தாங்க. அந்த இருமலைக் கேட்டீங்களா? இல்ல, கூடத்துல உட்கார்ந்து காப்பி குடிச்சுட்டு இருந்தீங்களா?

வீட்டுல அதிகப் புகையைக் குடிக்கிறது சமைக்கிறவங்கதான். பெரும்பாலும் அம்மா, இல்லேன்னா மனைவி. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடக் காசு இருக்கு. அடுப்பு சிம்னிக்கு டக்ட், அதான் புகையை வெளிய கொண்டுபோற குழாய், போட மட்டும் சுவத்துல ஓட்டை போட மனசு வராது. டக்ட் இல்லாத சிம்னி எண்ணெயைத்தான் வடிகட்டும், அடுப்பு வாயுவை அவங்க முகத்துக்கே திருப்பி விடும். டக்ட் போட்டாலும் ஆறு இன்ச் குழாயைக் கொண்டுபோய் நாலு இன்ச் ஓட்டையில சொருகாதீங்க. சத்தம் கூடும், இழுவை குறையும்.

சிம்னியே வேணாம், எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். அடுப்பு பத்த வைக்கும்போதே போடுங்க, அணைச்சு பத்து நிமிஷம் ஓடட்டும். ஃபேனை ஒட்டின ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கம் கதவையோ ஜன்னலையோ திறங்க. இல்லேன்னா பக்கத்து ஜன்னல் காத்தையே இழுத்து வெளிய தள்ளிட்டிருக்கும், தாளிப்புப் புகை அங்கேயே நிக்கும். அப்புறம், புறா வருதுன்னு ஃபேன் ஓட்டையில அட்டை வச்சு அடைச்சிருப்பீங்களே, அதைப் பிடுங்குங்க. வெளிப்பக்கம் அரை இன்ச் கண்ணுள்ள கம்பிவலை அடிச்சா போதும். கொசுவலை அடிக்காதீங்க, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி சீக்கிரமே அடைச்சுக்கும்.