இருந்ததைப் பிடுங்கி நம்மிடமே விற்கிறார்கள்

ராத்திரி பதினோரு மணிக்கு, நான் இணையத்தில் படமும் தொடரும் பார்க்கச் சந்தா கட்டும் ஓடிடி தளத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. "உங்கள் சந்தாவில் ஒரு மாற்றம்" என்று தலைப்பு. திறந்தால் முதல் பத்தி முழுக்க நன்றி. இரண்டாவது பத்தியில், இன்னும் நல்ல படங்களும் தொடர்களும் கொண்டுவரப் போகிறோம் என்ற வாக்குறுதி. மூன்றாவது பத்தியின் கடைசியில்தான் விஷயமே வருகிறது: அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் கூடுகிறது, நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.

அந்தக் கடைசி நாலு வார்த்தையைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஏன் எதுவும் செய்யத் தேவையில்லை? கார்டு நம்பர் அவர்கள் கையில் இருக்கிறது. தேதி வந்தால் எடுத்துக்கொள்வார்கள். வீட்டு வாடகையை ஏற்றுகிற வீட்டுக்காரர்கூட வாசலில் வந்து நின்று, முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஏற்றுவார். இவர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை. சரியா, சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னார்கள், அவ்வளவுதான்.

விலை ஏறுவது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. படம் எடுக்கச் செலவாகிறது, உரிமம் வாங்கச் செலவாகிறது, சர்வர் ஓட்டச் செலவாகிறது. "செலவு கூடிவிட்டது, அதனால் ஏற்றுகிறோம்" என்று முதல் வரியிலேயே நேராகச் சொல்லியிருந்தால் முனகிக்கொண்டே கட்டியிருப்பேன். என் கோபம் வேறு. நான் சேர்ந்த நாளில் இந்தச் சந்தாவுக்குள் என்னென்ன இருந்ததோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டார்கள். உருவியதற்கெல்லாம் தனித்தனியாக விலை போட்டு என்னிடமே திரும்ப விற்கிறார்கள். போதாததற்கு, மிச்சம் இருப்பதற்கும் இப்போது விலை ஏற்றுகிறார்கள்.

சேர்ந்தபோது விளம்பரம் கிடையாது. விளம்பரம் இல்லை என்பதற்காகத்தான் கேபிளை விட்டு இங்கே வந்தோம். எங்களை இழுத்த வாக்குறுதியே அதுதான். ஒருநாள் திடீரென்று, நீங்கள் இருக்கும் திட்டத்தில் இனி "குறைந்த அளவில்" விளம்பரம் வரும், வேண்டாமென்றால் மேலே கொஞ்சம் கட்டுங்கள் என்றார்கள். போன வாரம் ஒரு படம். அப்பாவின் உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். மகன் ஊரிலிருந்து வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிறான். உள்ளே போக அவனுக்குக் கால் வரவில்லை. ஒரு பேச்சும் இல்லை, இசையும் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். பொட்டென்று வெட்டி, ஷாம்பு விளம்பரம். முப்பது விநாடி. தாண்டவும் முடியாது. முடிந்து திரும்பி வந்தால் அவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காட்சிக்காக எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்திருப்பார்கள்! அதை நடுவில் அறுத்துப் போட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

இது ஒரு நிறுவனத்தின் கெட்ட புத்தி மட்டும் இல்லை. அமேசான் பிரைம் வீடியோ 2024 ஜனவரி 29 அன்று அமெரிக்காவில் இதைத்தான் செய்தது. அதுவரை விளம்பரம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் விளம்பரத்தைப் போட்டது, பழையபடி வேண்டுமென்றால் மாதம் 2.99 டாலர் கூடுதல் என்றது. கட்டாதவர்களுக்கு, படத்தைப் பளிச்சென்று காட்டும் டால்பி விஷன், ஒலியைச் சுற்றிலும் கேட்க வைக்கும் டால்பி அட்மாஸ் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பில்லில் விலை மாறவில்லை, பொருள் மட்டும் குறைந்துபோனது. இதை விலையேற்றம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அப்புறம் அம்மா கதை. அம்மா தனியாக வேறு வீட்டில் இருக்கிறாள். என் கணக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு திரை வரை ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எனக்குப் பெரிய திட்டத்தை விற்றார்கள். நாலில் ஒன்று அம்மாவுக்கு, நியாயம்தானே? ஒருநாள் சாயங்காலம் போன் செய்தாள். குரலில் பயம். "டிவியில என்னமோ எழுதி வருதுடா. இது உங்க வீட்டு டிவி இல்லைங்குது. நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனா?" எழுபத்திரண்டு வயது மனுஷி, தான் ஏதோ திருடி மாட்டிக்கொண்டதைப் போலப் பேசுகிறாள். என் அம்மா என் வீட்டைச் சேர்ந்தவள் இல்லை என்று ஒரு வைஃபை முகவரியைப் பார்த்து முடிவுசெய்கிறான் எவனோ. அன்றைக்கு ராத்திரியே அவளைக் "கூடுதல் உறுப்பினர்" என்று சேர்த்து, அதற்கும் தனியாகக் கட்ட ஆரம்பித்தேன். இப்போது வந்த மெயிலில் அந்தக் கூடுதல் உறுப்பினர் கட்டணமும் ஏறுகிறது.

சரி, சந்தாவை விட்டுவிட்டு வேண்டிய படத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமே என்றால், அது இன்னொரு கொள்ளை. போன வருஷம் வரைக்கும் சந்தாவிலேயே இருந்த படம். இப்போது அதன் மூலையில் சின்னதாக ஒரு பூட்டு, பக்கத்தில் வாடகை. என்றைக்கு மாறியது என்று யாரும் சொல்லவில்லை. எடுத்தேன். பார்க்க ஆரம்பிக்க முப்பது நாள் அவகாசம், ஆரம்பித்துவிட்டால் 48 மணி நேரம். வெள்ளிக்கிழமை ராத்திரி முக்கால் மணி நேரம் பார்த்திருப்போம், குழந்தைக்குக் காய்ச்சல். சனியும் ஞாயிறும் அதிலேயே போய்விட்டது. ஞாயிறு ராத்திரி அவளைத் தூங்க வைத்துவிட்டு வந்து ரிமோட்டை எடுத்தால், வாடகை முடிந்தது, மறுபடி எடுக்கவும் என்று வருகிறது. அது ஒரு கோப்பு. அவர்கள் சர்வரில் அப்படியே கிடக்கிறது. நான் இன்னொரு நாள் வைத்திருந்தால் வேறு யாருக்கும் கிடைக்காமல் போகப்போவதில்லை. கேசட் கடைக்காரர் நேரத்துக்குத் திருப்பிக் கேட்டால் நியாயம் இருக்கிறது, அவரிடம் இருப்பது ஒரே கேசட். இங்கே என்ன நியாயம்?

விலைக்கு "வாங்கினாலும்" அது நம்முடையது இல்லை என்பது இன்னும் மோசம். உரிமம் முடிந்தால் அதுவும் போகலாம். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. நீங்கள் பெறுவது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு "வாங்குங்கள்" என்று பொத்தான் வைக்கக் கூடாது என்கிறது அது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வார்த்தைக்கு அதன் பொருள் இருக்க வேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோம்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு கூட்டம் வந்துவிடும். "பிடிக்கலைன்னா நிறுத்திடுங்க, யார் கட்டாயப்படுத்தினா? ஒரு காபி விலைகூட இல்லையே." இந்தக் காபிக் கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. காபி குடிப்பவரிடம் போன மாதம் இருந்த பாலை எடுத்துவிட்டு, பாலுக்குத் தனிக் காசு என்று யாரும் கேட்பதில்லை. இது ஒரே ஒரு சந்தாவும் இல்லை. ஒரு தொடர் இங்கே, அடுத்தது அங்கே, ஆட்டம் பார்க்க மூன்றாவது, குழந்தைக்கு நாலாவது. ஒவ்வொன்றும் "கொஞ்சம்தான்" ஏற்றுகிறது, வருஷா வருஷம் ஏற்றுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் விட்டு வந்த கேபிள் பில்லைத் தாண்டிவிட்டது. அந்தக் கேபிள் ஆளுக்குப் போன் போட்டாவது நாலு வார்த்தை திட்டலாம். இங்கே திட்டக்கூட ஆள் இல்லை. சாட் பெட்டியில் ஒரு இயந்திரம் "உங்கள் வருத்தம் புரிகிறது" என்கிறது.

ஒரு காலத்தில் வாடிக்கையாளர் கோபத்துக்கு இவர்கள் பயந்திருக்கிறார்கள். 2011 ஜூலையில் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ், தபாலில் டிவிடி வாடகையும் இணையத்தில் பார்ப்பதும் சேர்த்து மாதம் 9.99 டாலராக இருந்த திட்டத்தை இரண்டாக உடைத்தது. ஒவ்வொன்றும் 7.99. இரண்டும் வேண்டுமென்றால் 15.98. ஒரே அடியில் 60 சதவீதம் ஏற்றம். மக்கள் கொந்தளித்துவிட்டார்கள். செப்டம்பரில் தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ், தான் சொதப்பிவிட்டதாக ஒப்புக்கொண்டு எழுதினார். ஆனால் மன்னிப்புக் கேட்ட அதே கடிதத்திலேயே, டிவிடி பிரிவை குவிக்ஸ்டர் என்ற பெயரில் தனித் தளமாக்கப் போவதாகவும் அறிவித்தார். அதாவது இரண்டு கணக்கு, இரண்டு பில், இரண்டு பட்டியல். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான். அக்டோபர் 10 அன்று குவிக்ஸ்டரைக் கைவிட்டார்கள். அதற்குள், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அமெரிக்காவில் மட்டும் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்திருந்தார்கள். அந்தக் கணக்கு வெளியானபோது பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். குவிக்ஸ்டரைத்தான் கைவிட்டார்கள், ஏற்றிய விலையைக் குறைக்கவில்லை. அந்தப் பாடத்தைத்தான் இந்தத் தொழிலே படித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். ஒரே அடியாக 60 சதவீதம் ஏற்றினால் கத்துவார்கள். துளித்துளியாக ஏற்றினால், துளித்துளியாக உருவினால், பழகிக்கொள்வார்கள்.

பழகிக்கொண்டுவிட்டோம், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அன்பு என்றால் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வது என்று 2017-இல் ட்வீட் போட்டது அதே நெட்ஃபிளிக்ஸ். 2023 மே மாதம் அமெரிக்காவில், வீட்டுக்கு வெளியே பகிர்ந்தால் கூடுதல் உறுப்பினருக்கு மாதம் 7.99 டாலர் என்றது. எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். சந்தாதாரர் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. 2025 ஜனவரி 21 அன்று, முந்தைய மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒரு கோடியே 90 லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், இதுவரை இல்லாத சாதனை, மொத்தம் 30 கோடியைத் தாண்டிவிட்டோம் என்று கணக்கு வெளியிட்டார்கள். அதே நாளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னும் சில நாடுகளிலும் விலையையும் ஏற்றினார்கள். நஷ்டத்தில் ஏற்றினால் கஷ்டம் என்று புரிந்துகொள்ளலாம். வரலாற்றிலேயே சிறந்த காலாண்டு முடிந்த கையோடு ஏற்றினால் அதற்கு என்ன பெயர்? நாம் எங்கேயும் போக மாட்டோம் என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் ஏற்றுகிறார்கள்.

ஏன் போக மாட்டோம்? போகிற வழியைக் காடாக்கி வைத்திருக்கிறார்கள். சேர்வதற்கு இரண்டு தட்டு. வெளியேற நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். டிவியில் அந்தப் பொத்தானே இல்லை. போன் ஆப்பில் தேடினால் பிரவுசருக்குப் போகச் சொல்கிறது. அங்கே போனால் மறுபடி பாஸ்வேர்டு, ஓடிபி. முதல் பக்கம், போகாதீர்கள். இரண்டாவது பக்கம், குறைந்த விலைத் திட்டம் பாருங்களேன். மூன்றாவது பக்கம், பாதியில் நிற்கும் உங்கள் தொடர்கள் என்று வரிசையாகப் படங்கள். அதில் பெரிய நீலப் பொத்தான் "சந்தாவைத் தொடர்கிறேன்". ரத்து என்பது கீழே, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். கண்ணாடி போட்டுத் தேடினேன்.

இது தற்செயல் இல்லை. 2023 ஜூனில், வாடிக்கையாளர்களை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அமேசான் மீது வழக்குப் போட்டது. மக்களை அவர்கள் தெளிவான சம்மதம் இல்லாமல் பிரைம் சந்தாவில் சேர்த்தது, வெளியேறும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்கியது என்று குற்றச்சாட்டு. அந்த ரத்துப் பாதைக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு நீண்ட கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயர் வைத்திருந்தார்கள் என்று அந்த மனுவில் இருக்கிறது. 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசத்துக்கு வந்தது. சேருவது எவ்வளவு சுலபமோ விடுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். உலகத்தில் எந்த மூலையிலும் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. சேர்ந்த அதே இடத்தில், அதே அளவில், விலகும் பொத்தானும் இருக்க வேண்டும். விலை ஏறும்போது, சம்மதம் என்று நான் அழுத்தினால் மட்டுமே காசு எடுக்க வேண்டும். பதில் சொல்லாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை. இவ்வளவுதான் நான் கேட்பது.

சாம்பல் பொத்தானை அழுத்திவிட்டேன். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. "விலை அதிகம்" என்று ஒன்று இருந்தது. "ஏமாற்றப்பட்டேன்" என்று ஒன்று இல்லை. "மற்றவை"யைத் தொட்டு, இங்கே எழுதியதில் பாதியை அதில் எழுதினேன். இருநூறு எழுத்துக்கு மேல் போகாது என்று நிறுத்திவிட்டது.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. "எப்ப வரைக்கும் வரும்?" என்று மட்டும் கேட்டாள். மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அவள் பார்க்கிற தொடரில் பத்தொன்பது பகுதி பாக்கி. தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்றுதான் பார்ப்பாள்.

"சரி, ரெண்டு ரெண்டா பார்த்துக்கிறேன்," என்றாள்.