கல் என்று நினைத்துத்தான் மண்ணைக் கொட்டினோம்

போன வாரம் சிராங்கூன் ரோட்டு நகைக்கடை ஒன்றில் சித்தி பவள மோதிரம் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய் சரியில்லையாம். "நம்ம கடல்லயும் பவளம் இருக்கு சித்தி" என்றேன். "சிங்கப்பூர்லயா? போடா!" கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் சரக்கு, அது வேறு இனம். நான் சொன்னது பாறைபோல் வளரும், உயிருள்ள பவளம். உலகம் முழுக்க அதில் 800 வகை இருந்தால், ஏறக்குறைய 250 நம் கடலில் இருக்கின்றன. நாமோ முக்குளிக்க மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போகிறோம். காசு சேர்ந்தால் மாலத்தீவு.

நானும் அப்படித்தான் இருந்தேன், 2024 ஜூலை வரை. ஆண்டின் நடுவில் இங்கே கடல் நன்றாக வற்றுவது விடிவதற்கு முன்னால்தான். அதனால் இருட்டோடு படகேறி, மகளோடு தெற்குத் தீவு ஒன்றில் இறங்கினேன். தலையில் விளக்கு, காலில் ரப்பர் பூட்ஸ். மணல் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். சுற்றிலும் கடுகு வெடிப்பதுபோல் சடசடவென்று சத்தம். கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்களாம். ஒரு பவளம் தோசைக்கல் அகலத்துக்கு இருந்தது, துருவிய தேங்காய் மாதிரி வெள்ளை வெளேரென்று. மகள் குனிந்து பார்த்துவிட்டு, "செத்துப்போச்சாப்பா?" என்றாள். வழிகாட்ட வந்த சீன ஆன்ட்டி சொன்னார்: "இன்னும் இல்லை, பசியோடு இருக்கிறது."

பவளத்துக்கு நிறமும் சாப்பாடும் கொடுப்பது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி. வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி கூடி, நாலைந்து வாரம் அப்படியே நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு பட்டினிதான். கடல் சீக்கிரம் ஆறினால் பாசி திரும்பி வரும், இல்லாவிட்டால் சாவு. 1998, 2010, 2016 என்று நம் கடல் இதை ஏற்கனவே மூன்று முறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. அந்த ஜூலையில் பத்துக்கு நான்குக்கு மேல் வெளுத்துக் கிடந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியிருந்தது. பட்ட காலிலேயே படும் என்பார்களே, அதேதான்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'பவளப்பாறை' என்ற நம் சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. பாறை என்றால் உடைக்கலாம், அள்ளலாம், மேலே மண்ணைக் கொட்டலாம். தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குள் போய் வெட்டி வந்து சுண்ணாம்புக்கு எரித்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரை உற்றுப் பார்த்தால் கல்லில் பவளத்தின் கண்கள் தெரியும். இங்கே நாம் எரிக்கவில்லை, மூடினோம். கடலில் மண் கொட்டி நிலமாக்கும் நில மீட்பில் நம் பவளத்திட்டுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தின்மேல் சேறு படிகிறது. கலங்கிய நீரில் வெயில் இறங்காது, ஆழத்தில் பவளம் பிழைக்காது.

உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது மரின் பரேட். எங்கள் புளோக் நிற்கும் இடமே ஒரு காலத்தில் கடல். இனி என் ஜன்னலுக்கு எதிரே கடலை மீட்டு 800 ஹெக்டர் அளவுக்கு 'லாங் ஐலண்ட்' என்ற புது நிலம் வரப்போகிறது. கடல் மட்டம் ஏறுவதால் தடுப்பு வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான், மறுக்கவில்லை. கடலோரப் பாதுகாப்புக்கு 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி ஆகலாம் என்று 2019இல் பிரதமரே சொன்னார். ஆனால் நல்ல பவளத்திட்டு அலையின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சிவிடும். சம்பளம் கேட்காது, ரிப்பேர் கேட்காது, உயிரோடு இருந்தால் தானே வளர்ந்து உயரும். இதற்கு யார் விலை போட்டார்கள்? தேக்கா சந்தையில் கலவாவும் சங்கராவும் வாங்குகிறோமே, அவையும் பவளத்திட்டை நம்பி வாழ்கிற மீன்கள்தான். சித்தியின் மீன்குழம்புக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு.

சரி, 1,00,000 பவளம் நடும் திட்டம் 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம், கூப்பிட்டால் நானும் போவேன். எனக்குப் பயம் திட்டத்தின்மேல் அல்ல, அதைக் கேட்டதும் நமக்கு வருகிற நிம்மதியின்மேல். 'போனால் நட்டுக்கலாம்' என்ற நினைப்பு. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நான் பார்த்த அந்தத் தோசைக்கல் என் மகளைவிட மூத்ததாகத்தான் இருக்கும். புதிதாக நடுவதும் அதே சூட்டு நீரில்தான் நிற்கப்போகிறது. இருப்பதை விட்டுவைப்பதற்குச் செலவு குறைவு. என்ன, அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

அக்டோபரில் ஆன்ட்டி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அதே பவளம். ஒரு பாதியில் பாசி திரும்பிப் பழுப்பேறியிருந்தது, செத்துப்போன மறு பாதியில் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. மகள் பழுப்புப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். அடுத்த வற்று எப்போது என்று கேட்டாள்.